காற்றுத்தம்பத்தின் முழு வரைபடம்

ஒரு முனை அடைத்த குழாயின் வாய்க்கு முன்னால் ஒலியை எழுப்பி, அதன் அதிர்வெண்ணை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், பெரும்பாலான அதிர்வெண்களைக் குழாய் பொருட்படுத்துவதில்லை. குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் வரும்போது மட்டும் உள்ளிருக்கும் காற்று பலமாக அதிர்ந்து ஒலியைப் பெருக்கிக் காட்டுகிறது. சற்றே தாண்டினால் மறுபடி அடங்கிவிடுகிறது. இதுவே ஒலி ஒத்ததிர்வு. புல்லாங்குழலும் நாகசுரமும் பேசுவது இதனால்தான். எந்த அதிர்வெண்ணில் குழாய் ஒத்ததிர்கிறது என்று அளந்தால் காற்றில் ஒலியின் வேகம் கிடைக்கும். எவ்வளவு கூர்மையாக ஒத்ததிர்கிறது என்று அளந்தால் ஒலியின் ஆற்றல் எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரியும். முதல் கேள்விக்கு இசைக்கவையும் காதும் போதும். இரண்டாவது கேள்விக்கு விடை காணக் கருவிகள் கணினியின் கட்டுப்பாட்டுக்கு வரவேண்டியிருந்தது.

குழாய்க்குள் நுழையும் ஒலியலை அடைத்த முனையில் மோதித் திரும்புவது எளிதில் விளங்கும். திறந்த வாயிலும் அது திரும்புகிறது என்பதுதான் முதலில் நம்பக் கடினமானது. குழாய்க்குள் ஒடுங்கி வந்த அழுத்த மாற்றம் வெளியின் பரந்த காற்றைச் சந்தித்ததும், தாங்கிப்பிடிக்கச் சுவர் இல்லாமல் சரிந்துவிடுகிறது. அந்தச் சரிவே எதிர்க்குறியுள்ள அலையாக உள்ளே திரும்பி ஓடுகிறது. மிகச் சிறிய பங்கு மட்டுமே வெளியே தப்புகிறது. இப்படி முன்னும் பின்னும் ஓடும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடம்பெயராமல் நின்ற நிலையில் துடிக்கும் நிலை அலையாகின்றன. அடைத்த முனையில் காற்று நகர முடியாது. ஆனால் அழுத்தம் உச்சமாக ஏறி இறங்கும். திறந்த வாயில் காற்று தாராளமாக அசையும். அழுத்தம் கிட்டத்தட்ட மாறாது. இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் அலைகளே குழாய்க்குள் நிலைக்கின்றன: குழாயின் நீளம் கால் அலைநீளமாகவோ, முக்கால் அலைநீளமாகவோ, ஒன்றேகால் அலைநீளமாகவோ இருக்கவேண்டும். ஆகவே ஒத்ததிர்வு அதிர்வெண்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை விகிதத்தில் அமைகின்றன.

மேல்நிலைப் பள்ளி இயற்பியல் செய்முறையில் இதே கோட்பாடு தலைகீழாகப் பயன்படுகிறது. அங்கே அதிர்வெண் நிலையானது, நீளம் மாறுகிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் திண்டில் தட்டி, நீர் நிரப்பிய குழாயின் வாய்க்கு மேல் பிடித்து, நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டே போகவேண்டும். காற்றுத்தம்பத்தின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் ஆகும்போது ஒரு முழக்கம். 51 சென்டிமீட்டரில் இன்னொரு முழக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் அரை அலைநீளம். அதை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒலியின் வேகம் கிடைத்துவிடும். எளிமையும் நேர்த்தியும் கொண்ட சோதனை இது. முழக்கம் உச்சமாக இருக்கும் நீளத்தைக் காது தீர்மானிக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. ஒரு விழுக்காட்டுத் துல்லியத்துக்கு அது தாராளம். அதற்கு மேல் போக, காது விலகி நிற்கவேண்டும்.

காதை விலக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் குண்ட் 1866இல் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நுண்ணிய தூளைப் பரப்பி, ஒரு முனையில் செருகிய கம்பியை நீளவாக்கில் தேய்த்து அதிரவைத்தார். நிலை அலை எழுந்ததும் தூள் சீரான இடைவெளிகளில் ஒதுங்கிக் குவிந்தது. குவியலுக்குக் குவியல் அரை அலைநீளம். கேட்கவேண்டிய ஒலியைக் கண்ணால் பார்த்து அளவுகோலால் அளக்க முடிந்தது. குழாயில் எந்த வாயுவை நிரப்பினாலும் அதில் ஒலியின் வேகத்தை இப்படிக் காணலாம் என்பது இன்னும் பெரிய ஆதாயம்.

அந்த ஆதாயத்தின் எடை புரிய, வேகத்தைத் தீர்மானிப்பது எது என்பதைப் பார்க்கவேண்டும். 1687இல் வெளிவந்த தம் ‘பிரின்சிபியா’வில் நியூட்டன் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டபோது, விடை உண்மையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாக வந்தது. அலை கடக்கும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று அவர் கொண்டதே காரணம். அழுத்தம் மிக வேகமாக மாறுவதால் நெருங்கும் இடத்தில் காற்று சூடாகிறது, விரியும் இடத்தில் குளிர்கிறது, அந்த வெப்பம் அக்கம்பக்கத்தில் பரவ நேரமில்லை என்று பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் திருத்தினார். அவருடைய திருத்தத்தில் வாயுவின் இரண்டு தன்வெப்ப எண்களின் விகிதம் நுழைகிறது. இரண்டு அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளால் ஆன காற்றுக்கு அது 1.4, தனித்தனி அணுக்களாகத் திரியும் வாயுவுக்கு 1.67. ஆக, ஒலியின் வேகம் வாயுவின் மூலக்கூறு அமைப்பையே காட்டிக்கொடுக்கிறது. ராலேயும் ராம்சேயும் 1894இல் ஆர்கானைக் கண்டறிந்தபோது இதுவே கைகொடுத்தது. எந்தத் தனிமத்தோடும் கூடாத அந்த வாயுவை வேதியியல் வழிகளால் ஆராய இயலவில்லை. குழாயில் நிரப்பி ஒலியின் அலைநீளத்தை அளந்தார்கள். விகிதம் 1.67ஐ ஒட்டி வந்தது. ஆர்கான் ஓரணு வாயு என்ற முடிவுக்கு அந்த அளவீடே அடிப்படை ஆயிற்று.

கருவிகளின் சங்கிலி

இன்றைய ஆய்வுக்கூடத்தில் குழாயின் நீளம் நிலையாக இருக்க, அதிர்வெண் மாறுகிறது. சிக்னல் ஜெனரேட்டர் ஒரு தூய சைன் அலையை உருவாக்குகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி, குழாயின் வாய்க்குச் சற்றுத் தள்ளி நிற்கும் சிறு ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அடைத்த முனையின் மூடியில் ஒரு சிறிய மைக் பொருத்தப்படுகிறது. எந்த ஒத்ததிர்வு ஆனாலும் அழுத்தம் அங்கே உச்சம் என்பதால் மைக்குக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மைக் தரும் மின்னழுத்தம் எண்ணாக மாற்றப்பட்டுக் கணினிக்குள் போகிறது. கணினி அடுத்த அதிர்வெண்ணை ஜெனரேட்டருக்குக் கட்டளையிடுகிறது, மறுபடி அளக்கிறது, எழுதி வைக்கிறது.

வெவ்வேறு கருவிகள் இப்படி ஒரே கணினியின் சொற்படி நடக்க ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் தன் கருவிகளை இணைக்க உருவாக்கிய கம்பித்தொடர் 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்ற பொதுத் தரமாயிற்று. ஒரே தொடரில் 15 கருவிகள் வரை கோக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. 1990இல் கட்டளைகளின் சொற்களும் பொதுவாக வகுக்கப்பட்டன. எந்த நிறுவனத்தின் ஜெனரேட்டர் ஆனாலும் அதிர்வெண்ணை மாற்ற ஒரே வகைச் சொல்தான். இப்போது யூ.எஸ்.பி. கேபிளும் பைத்தான் நிரலும் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. கட்டளைகளின் அமைப்பு மட்டும் அன்று வகுத்ததுதான்.

மைக் ஒலிபெருக்கியின் ஒலியை மட்டும் கேட்பதில்லை. மின்விசிறி, வெளியே போகும் பேருந்து, அடுத்த அறையின் பேச்சு எல்லாம் அதில் கலந்து வருகின்றன. இவற்றை விலக்கும் உத்தி மிக அழகானது. மைக்கிலிருந்து வரும் அலையை, ஜெனரேட்டர் அனுப்பிய அதே சைன் அலையால் கணத்துக்குக் கணம் பெருக்கிச் சராசரி எடுக்கவேண்டும். அதே அதிர்வெண் உள்ள பகுதி மட்டும் சராசரியில் நிலைக்கும்; வேறு எந்த அதிர்வெண்ணும் கூட்டியும் கழித்தும் பூச்சியத்தை நோக்கிப் போய்விடும். கால் சுற்று தள்ளிய இன்னொரு சைன் அலையாலும் இதைச் செய்தால், வந்த அலையின் வீச்சும், அனுப்பிய அலைக்கு அது எவ்வளவு பின்தங்குகிறது என்ற கட்டமும் இரண்டுமே கிடைத்துவிடும். இதைச் செய்யும் கருவிக்கு லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். ஒரு காலத்தில் தனிப் பெட்டியாக மட்டுமே கிடைத்த இந்த வசதியை இன்று சாதாரண மடிக்கணினியின் ஒலி அட்டையும் சில வரி நிரலும் தந்துவிடுகின்றன.

அவசரப்படாத அளவீடு

அதிர்வெண்ணை மாற்றிய மறுகணமே அளந்தால் விடை தவறும். குழாய்க்குள் அலைகள் பலமுறை ஓடித் திரும்பி ஒன்றோடொன்று கூடிய பிறகே அதிர்வு தன் முழு அளவை எட்டுகிறது. அது எவ்வளவு நேரம் என்பதை எடுத்துக்காட்டாக ஒரு குழாயைக் கொண்டு பார்க்கலாம்: நீளம் 1 மீட்டர், உள்விட்டம் 40 மில்லிமீட்டர், அறை வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். இதன் இரண்டாவது ஒத்ததிர்வு 256 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். அங்கே அதிர்வு நிலைகொள்ள ஏறத்தாழ அரை நொடி தேவை. 85 ஹெர்ட்ஸை ஒட்டிய முதல் ஒத்ததிர்வுக்கு முழுதாக ஒரு நொடி. 50 ஹெர்ட்ஸிலிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை அரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் அளந்தால் 1,900 படிகள். படிக்கு ஒரு நொடி காத்திருந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைக்குமிழைத் திருகி, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதும் ஒருவர் இதைச் செய்ய முனையமாட்டார். உச்சம் இருக்குமிடத்தை மட்டும் தேடிப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். கணினி ஒவ்வொரு படியிலும் ஒரே அளவு நேரம் காத்திருந்து, உச்சங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்களையும் ஒரே அக்கறையோடு பதிவுசெய்கிறது. கணினி கட்டுப்பாட்டின் உண்மையான பயன் வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தச் சோதனையில் அதன் பயன் பொறுமை.

அப்படிக் கிடைக்கும் வரைகோட்டில் ஒவ்வொரு ஒத்ததிர்வும் ஒரு சிகரமாக எழுகிறது. சிகரத்தின் உயரத்தில் 70.7 விழுக்காட்டு மட்டத்தில், அதாவது ஆற்றல் பாதியாகும் மட்டத்தில், அதன் அகலத்தை அளக்கிறார்கள். மைய அதிர்வெண்ணை இந்த அகலத்தால் வகுத்தால் வருவது தரக்காரணி. மேற்சொன்ன குழாய்க்கு 256 ஹெர்ட்ஸில் கோட்பாட்டுக் கணக்குப்படி அகலம் சுமார் 3 ஹெர்ட்ஸ், தரக்காரணி 90க்குச் சற்று முன்னே பின்னே. தரக்காரணி பெரிதானால் ஆற்றல் மெல்லக் கசிகிறது என்று பொருள்.

அந்தக் கசிவு எப்படி நிகழ்கிறது? மூன்று வழிகளில். குழாய்ச் சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாமல் பிடிபட்டிருக்கிறது. அதற்கும் தாராளமாக அசையும் நடுக்காற்றுக்கும் இடையே ஒரு மெல்லிய படலத்தில் உராய்வு நிகழ்கிறது. 256 ஹெர்ட்ஸில் இந்தப் படலத்தின் தடிமன் 0.14 மில்லிமீட்டர் மட்டுமே. அதே படலத்தில், அழுத்தத்தால் சூடான காற்று உலோகச் சுவரிடம் வெப்பத்தை இழக்கிறது. மூன்றாவது, வாய் வழியாக வெளியேறும் ஒலி. தாழ்ந்த அதிர்வெண்களில் சுவரின் பங்கே மிகுதி. 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டி மேலே போகப் போக வாயின் பங்கு ஏறிச் சுவரை விஞ்சுகிறது. கசிவு முழுவதும் ஒலியாக வெளியே போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு இந்த வரைகோடு ஒரு நல்ல அதிர்ச்சி.

வீச்சைவிடக் கட்டம் பல நேரங்களில் அதிகம் சொல்கிறது. ஒத்ததிர்வைக் கடக்கும்போது ஓட்டும் அலைக்கும் குழாயின் அதிர்வுக்கும் இடையேயான கட்டம் 180 டிகிரி திரும்பிவிடும். சரியாக நடுவில் 90 டிகிரி. சிகரத்தின் உச்சி தட்டையானது. அங்கே அரை ஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் உயரம் அதிகம் மாறாது. கட்டமோ அதே இடத்தில்தான் மிகச் செங்குத்தாக மாறுகிறது. எனவே மையத்தைத் துல்லியமாகக் குறிக்கக் கட்டமே நம்பகமானது. லாக்-இன் தரும் இரண்டு எண்களையும் குறுக்கும் நெடுக்குமாக வரைந்தால் ஒவ்வொரு ஒத்ததிர்வும் ஒரு வட்டமாகத் தெரியும். அந்த வட்டத்துக்குப் பொருந்தும் சூத்திரத்தைக் கணினியே பொருத்தி, சிகரத்தின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மையத்தைச் சொல்லிவிடும்.

மூன்று திருத்தங்கள்

இவ்வளவு துல்லியம் கைக்கு வந்ததும் பாடநூல் சூத்திரத்தின் குறைகள் ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்குகின்றன. 27 டிகிரியில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். எளிய கணக்குப்படி 1 மீட்டர் குழாய் 86.8, 260, 434, 608 ஹெர்ட்ஸில் ஒத்ததிரவேண்டும். எந்தக் குழாயும் அப்படி ஒத்ததிர்வதில்லை.

முதல் காரணம் முனைத்திருத்தம். குழாயின் வாயோடு காற்றின் அசைவு நின்றுவிடாமல் சற்று வெளியேயும் நீள்கிறது. ஒலிக்குக் குழாய் உண்மையைவிட நீளமாகத் தோன்றுகிறது. மெல்லிய சுவருள்ள குழாய்க்கு இந்தக் கூடுதல் நீளம் ஆரத்தில் 0.61 பங்கு. லெவின், ஷ்விங்கர் என்ற இருவர் 1948இல் இதைக் கணித முறையில் சரியாகத் தீர்த்தார்கள். ஷ்விங்கர் பின்னாளில் குவாண்டம் மின்னியக்கவியலுக்காக நோபல் பரிசு பெற்றவர். அப்படிப்பட்ட கணித வலிமை ஒரு குழாயின் வாய்க்குத் தேவைப்பட்டது. எடுத்துக்காட்டுக் குழாயில் திருத்தம் 12 மில்லிமீட்டர், அதிர்வெண்கள் 85.8, 257, 429, 600 என்று இறங்குகின்றன.

இரண்டாவது காரணம் சுவரை ஒட்டிய அதே மெல்லிய படலம். அது ஆற்றலை உண்பதோடு அலையின் வேகத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. 40 மில்லிமீட்டர் குழாயில் 256 ஹெர்ட்ஸில் வேகக் குறைவு அரை விழுக்காடு; 10 மில்லிமீட்டர் குழாயில் 2 விழுக்காடு. கிர்காஃப் 1868இலேயே இதன் கோட்பாட்டை எழுதிவிட்டார். தாழ்ந்த அதிர்வெண்களில் இந்த இழுப்பு அதிகம் என்பதால் எல்லா உச்சங்களும் ஒரே விகிதத்தில் இறங்குவதில்லை. இறுதியில் கிடைப்பவை சுமார் 85, 256, 427, 598. முதல் இரண்டின் விகிதம் சரியாக 3 என்று வராமல் ஒரு மயிரிழை கூடுதலாக வரும். அந்த மயிரிழையைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது. காற்றின் பாகுநிலையும் வெப்பக் கடத்தலும் அதற்குள்தான் இருக்கின்றன.

மூன்றாவது, காற்றின் நிலை. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. 598 ஹெர்ட்ஸ் உச்சம் அதனால் 1 ஹெர்ட்ஸ் மேலே போகும். ஆய்வுக்கூடத்தில் பத்துப் பேர் நுழைந்தாலே வரைகோடு அசைந்துவிடும். ஈரப்பதமும் சும்மா இருப்பதில்லை: நீராவி காற்றைவிட லேசானது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட கடலோர ஊரின் காற்றில், உலர்ந்த காற்றோடு ஒப்பிட்டால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகமாகப் போகிறது. குளிர்நாட்டுப் பாடநூலின் எண்ணை அப்படியே எழுதி ‘பிழை அரை விழுக்காடு’ என்று முடித்துவிடும் செய்முறை நோட்டுகளில், அந்தப் பிழை பலமுறை பிழையே அல்ல.

இவை தவிரக் கருவிகளின் சொந்தக் குணங்களும் உண்டு. சிறிய ஒலிபெருக்கி எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவு ஒலிப்பதில்லை. அதன் கூம்புக்கும் ஒரு ஒத்ததிர்வு உண்டு. அந்தச் சிகரத்தைக் குழாயின் சிகரமாகக் கொண்டுவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. குழாயை எடுத்துவிட்டு ஒருமுறை முழுதாக அளந்து பார்ப்பது ஒரு வழி. வாயருகே இரண்டாவது மைக் வைத்து, உள்ளே அளந்ததை வெளியே அளந்ததால் வகுப்பது இன்னும் நல்ல வழி. மிக உயர்ந்த அதிர்வெண்களில் வேறொரு எல்லை குறுக்கிடுகிறது: 40 மில்லிமீட்டர் குழாயில் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அலை நீளவாக்கில் மட்டும் ஓடாமல் பக்கவாட்டிலும் அசையத் தொடங்கும், அதற்குப் பிறகு இங்கே சொன்ன கணக்குகள் பொருந்தா.

ஒரே மூச்சில் அளப்பது

படிப்படியாக ஏறும் முறைக்கு மாற்றாக, எல்லா அதிர்வெண்களையும் ஒரே சமயத்தில் கொடுத்துவிட்டுக் கணிதத்தால் பிரிக்கவும் முடியும். இரைச்சலையோ, தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு வழுக்கி ஏறும் ஒலியையோ குழாய்க்குள் செலுத்தி, மைக்கின் பதிவை ஃபூரியர் முறையில் அதிர்வெண் வாரியாகப் பகுக்கிறார்கள். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட வேகமான கணிப்பு முறைதான் இதை அன்றாடக் கணினிக்குள் கொண்டுவந்தது. நொடிக்கு 44,100 முறை அளந்து 10 நொடி பதிவுசெய்தால் 0.1 ஹெர்ட்ஸ் வரை பிரித்துப் பார்க்கலாம். அரை மணி நேர வேலை சில நொடிகளில் முடியும். அந்த நேரத்துக்குள் அறை வெப்பநிலை மாறாது என்பதும் லாபம். ஆனால் ஆற்றல் எல்லா அதிர்வெண்களுக்கும் பங்கிடப்படுவதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறைவு. இரைச்சல் மிகுந்த அறையில் ஒரு சிகரத்தின் வடிவத்தை நுணுக்கமாகப் பார்க்கப் படிமுறையே இன்றும் மேல்.

மைக்கை நகர்த்தினால் இன்னொரு வகை வரைபடம் கிடைக்கிறது. நீண்ட மெல்லிய கம்பியின் நுனியில் மைக்கைப் பொருத்தி, ஸ்டெப்பர் மோட்டாரால் குழாயின் நீளம் நெடுக உள்ளே தள்ளலாம். ஒரு சுற்றுக்கு 200 படிகள் உள்ள மோட்டாரும், சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகரும் திருகும் சேர்ந்தால் ஒரு படி 0.01 மில்லிமீட்டர். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அழுத்தத்தை அளந்து நிறங்களால் வரைந்தால், அழுத்தம் மாறாத கணுக்களும் அது உச்சமாகும் எதிர்க்கணுக்களும் அதிர்வெண் ஏற ஏறப் பிரிந்து பெருகுவது ஒரே படத்தில் தெரியும்.

ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெனே மட்ஸ்டார்ஃப் இதே அளவீட்டைக் குவாண்டம் இயற்பியலைக் கற்பிக்கும் கருவியாக மாற்றினார். சிறிய அலுமினிய உருளைகளை வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் நடுவே துளையிட்ட வளையம் ஒன்றைச் செருகி, அந்தத் தொடரின் ஒலி நிறமாலையைக் கணினியால் அளக்கும் அமைப்பு அது. வளையங்கள் இல்லாதபோது உச்சங்கள் சீரான இடைவெளியில் வரும். வளையங்களைச் செருகியதும் உச்சங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, நடுவே ஒலியே நிலைக்க முடியாத வெற்றிடைகள் தோன்றுகின்றன. படிகத்துக்குள் எலெக்ட்ரானின் ஆற்றல் பட்டைகளாகப் பிரிவதும், சிலிக்கான் குறைகடத்தியாக இருப்பதும் இதே கணக்கால்தான். கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரான் அலையை விளக்க, கைக்கு அடக்கமான உருளைகளில் ஓடும் ஒலியலை போதுமானதாகிறது. ஒரு உருளையை மட்டும் நீளம் மாற்றிச் செருகினால் வெற்றிடையின் நடுவே ஒற்றை உச்சம் முளைக்கும். படிகத்தில் கலந்த மாசு அணுவின் வேலை அதுவே.

தொழில் உலகில் குழாயின் பணி வேறு. கார் இரைச்சலையும் அரங்கின் எதிரொலியையும் குறைக்கும் நார், நுரைப் பொருள்கள் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உறிஞ்சும் என்று அளக்க, அவற்றைக் குழாயின் முனையில் வைத்து, சுவரில் பதித்த இரண்டு மைக்குகளால் போகும் அலையையும் திரும்பும் அலையையும் பிரிக்கிறார்கள். இதற்குப் பன்னாட்டுத் தரமே உண்டு. 100 மில்லிமீட்டர் விட்டக் குழாய் 1,600 ஹெர்ட்ஸ் வரைக்கும், 29 மில்லிமீட்டர் குழாய் 6,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் வழக்கமாகப் பயன்படுகின்றன.

கெல்வின் வரை

வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் உச்சம் நகர்கிறது என்பதைத் தொல்லையாகப் பார்த்த அதே கணக்கைத் திருப்பிப்போட்டால், உச்சத்தின் இடத்திலிருந்து வெப்பநிலையைச் சொல்லலாம். நீளம் தெரியும், வாயு தெரியும், அதிர்வெண் அளந்தாயிற்று. எஞ்சியிருப்பது வெப்பநிலை மட்டுமே. உலகின் மிகத் துல்லியமான வெப்பமானிகள் இந்த வழியில் அமைந்தவை. அவற்றில் நிரப்பப்படும் வாயு பெரும்பாலும் ஆர்கான் அல்லது ஹீலியம். இரண்டும் ஓரணு வாயுக்கள் என்பதால் தன்வெப்ப எண்களின் விகிதத்தில் ஐயத்துக்கே இடமில்லை.

அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் மால்டோவரும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் வெப்பநிலையைத் தெரிந்ததாக வைத்து, ஆர்கான் நிரப்பிய எஃகுக் கோளத்தின் ஒத்ததிர்வுகளை அளந்து, அதே கணக்கில் வரும் வாயு மாறிலியை முன்பு இல்லாத துல்லியத்தோடு நிறுவினார்கள். குழாயை விட்டுக் கோளத்துக்குப் போனதற்குக் காரணம் அந்த மெல்லிய படலமே: கோளத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கி விரியும் அதிர்வில் வாயு சுவரை உரசி ஓடுவதில்லை, ஆகவே உராய்வு இழப்பு மறைந்துவிடுகிறது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் மைக்கேல் டி பொடெஸ்டாவின் குழு செம்பால் செய்த கோளத்தின் ஆரத்தை மைக்ரோ அலை ஒத்ததிர்வால் அளந்து, ஒலி ஒத்ததிர்வோடு சேர்த்து, வாயு மாறிலியை ஒரு மூலக்கூறுக்குக் கணக்கிட்டால் வரும் போல்ட்ஸ்மன் மாறிலியை 2013இல் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த ஐயத்தோடு தந்தது. பெய்ஜிங்கிலுள்ள சீன அளவியல் நிறுவனம் கோளத்துக்கு மாறாமல் உருளையிலேயே நின்று, சுவரின் இழப்பைக் கணக்கிட்டுத் திருத்தி, இந்தப் பணியில் பங்கேற்றது. இப்படிப் பல நாடுகளின் அளவீடுகள் ஒத்துவந்த பிறகு, 2019 மே 20 முதல் போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று நிலையாக வரையறுக்கப்பட்டது. அதுவரை நீரின் மும்மைப் புள்ளியால் வரையறுக்கப்பட்டிருந்த கெல்வின், அன்று முதல் இந்த மாறிலியைச் சார்ந்து நிற்கிறது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதற்கெல்லாம் விலையுயர்ந்த பெட்டிகள் வேண்டியதில்லை. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய ‘எக்ஸ்ப்ஐஸ்’ என்ற சிறு கருவி யூ.எஸ்.பி. வழியே கணினியோடு இணைகிறது. 5 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை சைன் அலை தருகிறது. மைக் இணைப்பும் அதிலேயே உண்டு. பைத்தானில் சில வரிகள் எழுதி ஆட்டுவிக்கலாம். வடிவமைப்பு முழுவதும் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டிருப்பதால் பழுதானால் திறந்து பார்க்கவும் கற்கவும் முடிகிறது; கல்விக்கருவி இப்படித்தான் இருக்கவேண்டும். 1962இல் செஸ்லரும் வெஸ்டும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய எலெக்ட்ரெட் மைக் இன்று சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு மீட்டர் பி.வி.சி. குழாய், இறுக்கமான மூடி, சிறு ஒலிபெருக்கி, அதற்கொரு ஆம்ப்ளிஃபையர், குழாயின் சுவரில் ஒட்டிய வெப்பமானி ஆகியவை இருந்தால் போதும். வெப்பமானியை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அதே குழாயை வாய் மேலிருக்கும்படி நிமிர்த்தி, சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் வரும் கரியமில வாயுவை உள்ளே நிரப்பினால் அது காற்றைவிடக் கனமானதால் கொஞ்ச நேரம் அங்கேயே தங்கும். 27 டிகிரியில் அதில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 270 மீட்டர்தான். ஆகவே முழுதும் நிரம்பிய குழாயில் 256 ஹெர்ட்ஸில் இருந்த உச்சம் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கிவிடும். பிறகு வாயு மெல்லக் காற்றோடு கலக்கக் கலக்க உச்சம் மேல்நோக்கி நகரும். நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி நிரலை அமைத்துவிட்டால், அந்த நகர்விலிருந்து குழாய்க்குள் எஞ்சியுள்ள கரியமில வாயுவின் பங்கை நேரத்தோடு கணக்கிட்டு வரைந்துகொண்டே போகலாம்.